எங்க ஊர்த் தலைக்கு எங்க ஊர் அரப்பு

ஷாம்புவை விட்டுட்டு இயற்கைக்கு மாறப் போறேன் என்று யார் சொன்னாலும் அடுத்த வார்த்தை சீயக்காய்தான். நான் அரப்பைத்தான் சொல்வேன். தர்மபுரி மாவட்டத்தில் எங்கள் பென்னாகரம் பக்கம் மானாவாரிக் கொல்லை வரப்பிலும் கரட்டு ஓரத்திலும் யாரும் தண்ணி ஊற்றாமல் தானாக வளர்ந்து நிற்கிற மரம். பொடிப்பொடியாக இலை, கோடையில் மஞ்சள் பூ. ஆடு மேய்க்கிறவர்களுக்கு நன்றாகத் தெரியும், கிளையை ஒடித்துப் போட்டால் வெள்ளாடு மிச்சம் வைக்காமல் தின்னும். அந்த இலையில்தான் எங்கள் வீட்டில் நானும் என் மகளும் இப்போது தலைக்குக் குளிக்கிறோம்.

ஷாம்பு கெட்டது என்று பிரச்சாரம் செய்ய வரவில்லை. கடலூர் சின்னி கிருஷ்ணன் ஷாம்புவைச் சின்ன பாக்கெட்டில் அடைத்து விற்கலாம் என்று காட்டினார். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் தனியாகத் தொழில் தொடங்கி, சிக் ஷாம்புவைப் பட்டிதொட்டி எல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தார். பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கிய அந்த பாக்கெட்டுகள் கூலி வேலைக்குப் போய் வந்த பெண்களுக்கு எவ்வளவு நேரத்தை மிச்சப்படுத்தின என்பதை நான் பார்த்து வளர்ந்தவள். சீயக்காய் இடிக்க அவர்களுக்கு எங்கே நேரம்?

என் பிரச்சினை வேறு. எங்கள் போர் தண்ணி. தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம், பல்லில் பழுப்புக் கறை விழும் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்தது. அந்தக் காவிரித் தண்ணியைக் குடிக்க, சமைக்கப் பிடித்து வைக்கிறோம். குளியலுக்கு இன்றைக்கும் போர் தண்ணிதான். முடிக்குத் தொல்லை தருவது ஃபுளோரைடு இல்லை, அதே தண்ணியில் கரைந்திருக்கிற கால்சியமும் மெக்னீசியமும். வாட்டர் ஹீட்டர் கம்பியை வெளியே எடுத்துப் பார்த்தால் வெள்ளையாகச் சுண்ணாம்பு ஏடு படிந்திருக்கும், நகத்தால் சுரண்டினால் செதிலாக உதிரும். சோப்புப் போட்டால் நுரை வராது, பக்கெட் ஓரத்தில் பிசுபிசு என்று ஒரு வளையம் பிடிக்கும். அந்தப் பிசுக்குதான் தலையிலும் ஒட்டும். அதனால் சீயக்காய் சோப்பு, மூலிகை சோப்பு என்று சோப்புக் கட்டியாக எது வந்தாலும் எங்கள் தண்ணிக்கு நான் வாங்குவதில்லை. அரப்பு, சீயக்காய், பூந்திக்கொட்டை மூன்றிலும் அழுக்கை எடுப்பது சப்போனின் என்கிற நுரைக்கும் பொருள். அது சோப்பு மாதிரி சுண்ணாம்போடு சேர்ந்து திரிந்து போகாது. கடைசியாக ஒரு சொம்பு காவிரித் தண்ணியை மட்டும் தலையில் ஊற்றிக்கொண்டால் வித்தியாசம் அன்றைக்கே கையில் தெரியும்.

எனக்கு இதையெல்லாம் காட்டியது என் அத்தை, வீட்டுக்காரரின் அம்மா. தலை அரித்து அரித்து நான் சொரிந்துகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "கண்ணு, மேட்டுக் கொல்லைக்குப் போனா ரெண்டு கிளை அரப்பு ஒடிச்சுட்டு வா" என்றார். அவ்வளவுதான் பேச்சு. மற்றதை எல்லாம் செய்து காட்டினார்.

கொழுந்து வேண்டாம், முற்றின இலை. கிளையோடு வெட்டி வந்து நிழலில் சாக்கு விரித்துப் போட வேண்டும். வெயிலில் போட்டால் பச்சை போய் வைக்கோல் நிறமாகிவிடும், நுரையும் குறையும். ரெண்டு மூணு நாளில் கிளையைத் தூக்கி உதறினாலே இலை மழையாகக் கொட்டும். காம்பும் குச்சியும் பொறுக்கிப் போட்டுவிட்டு, மிக்ஸியில் அடித்து, பழைய வெள்ளைப் புடவைத் துணியில் சலிக்க வேண்டும். சல்லடை போதாது, துணிதான். சரியாகச் சலிக்காத பொடி முடிக்குள் சிக்கிக்கொண்டு, காய்ந்த பிறகு தோளில் உதிரும், பார்க்கிறவர்கள் பொடுகு என்று நினைப்பார்கள். சலிக்கும்போது மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள், தும்மல் நிற்காது.

குளிக்கிற அன்றைக்குச் சோறு வடித்த கஞ்சி வெதுவெதுப்பாக இருக்கும்போதே பொடியைக் கொட்டிக் கலக்கி, தோசைமாவுப் பதத்தில் பத்து நிமிஷம் ஊறவிடுவோம். தோள்வரை முடி என்றால் மூணு கரண்டி போதும். இடுப்புவரை முடி உள்ள என் மகளுக்கு அதைப்போல் ரெண்டு பங்கு. தலையில் நல்லெண்ணெய் ஊறியிருக்க வேண்டும், இது முக்கியம். வறண்ட தலையில் அரப்பைத் தேய்த்தால் முடி நார் நாராக நிற்கும். விரல் நுனியால் மண்டைத் தோலில் படத் தேய்த்தால் இளம்பச்சையாகக் கொஞ்சம் நுரை வரும். ஷாம்பு நுரையை எதிர்பார்க்காதீர்கள், நுரை குறைந்தாலும் எண்ணெய் போகும். கண்ணை மூடிக்கொள்ளுங்கள், எரியும். குழந்தைகளுக்கு என்றால் கலக்கியதைத் துணியில் வடிகட்டி அந்தத் தண்ணியை மட்டும் ஊற்றுங்கள். வெள்ளைத் துண்டை எடுக்காதீர்கள், கறை பிடிக்கும்.

சீயக்காய் வேண்டும் என்கிறவர்களுக்கு எங்கள் வீட்டு அளவு: சீயக்காய் ஒரு கிலோ, பச்சைப்பயறு கால் கிலோ, வெந்தயம் நூறு கிராம், பூலாங்கிழங்கு ஐம்பது கிராம், காய்ந்த பன்னீர் ரோஜா இரண்டு கைப்பிடி. ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடிலில் வளர்க்கிற நீளக்காம்பு ரோஜா இதற்கு ஆகாது, அதில் வாசம் இல்லை. மாவு மில்லில் மிளகாய் அரைக்கிற மிசினில் போடாமல், சீயக்காய்க்குத் தனி மிசின் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

மாறிய முதல் சில வாரம் முடி முரடாகத்தான் இருக்கும். "உள்ளே இருக்கிற நச்சு வெளியேறுது" என்று வீடியோவில் சொல்வார்கள். நச்சும் இல்லை ஒன்றும் இல்லை. பல ஷாம்பு, கண்டிஷனரில் சிலிக்கோன் சேர்ப்பார்கள், அது முடிமேல் மெல்லிசாகப் படிந்து வழவழப்புக் கொடுக்கும். அது கழுவிப் போனதும் உங்கள் முடியின் சொந்தத் தன்மை கைக்குத் தெரிகிறது. எனக்கு அந்த நாட்களில் கை கொடுத்தது செம்பருத்தி இலை. பத்து இலையைத் தண்ணியில் கசக்கினால் கொழகொழ என்று வரும், அதை அரப்போடு கலந்தால் சிக்கு எடுக்க எளிது. ராத்திரி ஊறவைத்து அரைத்த வெந்தயமும் அதே வேலையைச் செய்யும். அரைத்ததை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள், மறுநாள் புளித்த வாடை வந்துவிடும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். அரப்பு முடியை வளர்க்காது, தலையைக் கழுவும். எனக்கு அரிப்பு நின்றது, முடி ஒடிவது குறைந்தது, அதைத் தாண்டி நான் எதுவும் சொல்ல மாட்டேன். ஒரு நாளைக்கு ஐம்பது முதல் நூறு முடி உதிர்வது எல்லோருக்கும் உள்ளது. பிரசவத்துக்குப் பிறகோ, டெங்கு, டைபாய்டு மாதிரி காய்ச்சலுக்குப் பிறகோ ரெண்டு மூணு மாசம் கழித்துக் கொத்துக் கொத்தாகக் கொட்டும், பெரும்பாலும் தானாகவே திரும்ப முளைக்கும். ரத்தசோகை, தைராய்டு இருந்தால் எதைத் தேய்த்தும் பயன் இல்லை, ரத்தம் பரிசோதித்துப் பார்க்க வேண்டும். காசு அளவுக்கு வட்டமாகச் சொட்டை விழுந்தால் வெங்காயம் தேய்த்துக்கொண்டு நாளைக் கடத்தாமல் தோல் டாக்டரிடம் போங்கள். இயற்கை என்ற பெயரில் விற்கிற உடனடிக் கருப்பு மருதாணியையும் நம்பாதீர்கள். பலவற்றில் பிபிடி என்ற சாயம் கலந்திருக்கும், ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு முகமே வீங்கிவிடும். அசல் மருதாணி செம்பட்டை நிறம்தான் கொடுக்கும்.

பொடியை ஈரம் படாத டப்பாவில் வைத்தால் மாசக்கணக்கில் இருக்கும். மழை நாளில் கரண்டியைத் துடைத்துவிட்டுப் போடுங்கள், பூஞ்சை பிடித்தால் மொத்தத்தையும் கொட்ட வேண்டியதுதான். கோடையில் மரம் இலையைக் கொட்டிவிடும், அதனால் மார்கழி, தையிலேயே வருஷத்துக்கு வேண்டியதைச் சேர்த்துவிடுகிறோம். சொந்தக் கொல்லை இல்லாதவர்கள் பக்கத்துக் கொல்லைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வெட்டுங்கள், மரத்தை மொட்டையடிக்காமல் பக்கக் கிளையாகப் பார்த்து எடுங்கள். அவர்கள் ஆட்டுக்கும் அதுதான் தீனி.