550 வெள்ளியும் உயர்நிலை ஒன்றும்

2018இல் சிங்கப்பூர் நீதிமன்றம் பராமரிப்பு உத்தரவு போட்டபோது என் மகளுக்கு ஐந்து வயது. அவளுக்காக என் கணவர் மாதம் 550 வெள்ளி தர வேண்டும். இப்போது அவள் உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விட்டாள், தொகை அப்படியே இருக்கிறது. "கோர்ட்டுக்கு ஏன், நீயே கேட்டுப் பாரேன்" என்றார் அம்மா. கேட்டேன். "ஆர்டரில் இருப்பதைத்தான் கொடுக்கிறேனே" என்றார் அவர். பொய் இல்லை, ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. சரி, அப்படியென்றால் ஆர்டரைத்தான் மாற்ற வேண்டும்.

எங்களுக்கு விவாகரத்து ஆகவில்லை, பிரிந்திருக்கிறோம். அதனால் மாதர் சாசனம் என்ற சட்டத்தின் 72ஆம் பிரிவின்கீழ், குடும்ப நீதிமன்றத்தின் ஐஃபேம்ஸ் இணையத்தளத்தில், அரசாங்க மின்னடையாளமான சிங்பாஸ் மூலம் நானே விண்ணப்பித்தேன். வக்கீல் வைக்கவில்லை. விவாகரத்து வழக்கிலேயே போடப்பட்ட உத்தரவு என்றால் வழி வேறு. அதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சூழ்நிலை மாறியிருக்கிறது என்று காட்ட வேண்டும், அல்லது வேறு தகுந்த காரணம் சொல்ல வேண்டும். பொதுவான விலைவாசி மாற்றத்தையும் நீதிமன்றம் கணக்கில் எடுக்கலாம் என்று அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. உத்தரவு போட்ட நாளில் ஜிஎஸ்டி 7 விழுக்காடு. 2023இல் 8, 2024இல் 9. இதைப் படித்ததும் தெம்பு வந்தது. ஆனால் எல்லாம் விலை ஏறிவிட்டது என்று புலம்பி எழுதினால் யார் கேட்பார்கள்? பிள்ளையின் செலவில் அது எங்கே தெரிகிறது என்பதுதான் கேள்வி.

ஆக, இரண்டு பட்டியல் போட்டேன், 2018க்கு ஒன்று, இப்போதைக்கு ஒன்று. பழையதில் பெரிய செலவு குழந்தைப் பராமரிப்பு நிலையம்; மானியம் போக மாதம் 420 வெள்ளி. அது இன்று சுழியம். எதிர்த் தரப்பு முதலில் பிடிக்கப்போவது அதைத்தான் என்று தெரியும், அதனால் நானே மேலே எழுதி வைத்தேன். பள்ளிக் கட்டணத்திலும் வாதமில்லை: குடிமக்களுக்கு அரசாங்க உயர்நிலைப் பள்ளியில் எல்லாம் சேர்த்தே மாதம் 25 வெள்ளிக்குள். கணக்கு, அறிவியல் துணைப்பாடம் (டியூஷன்) 380. பள்ளி உணவகச் சாப்பாடு, பேருந்து, கைப்பேசி. சானிட்டரி பேடையும் எழுதினேன். ஐந்து வயதுப் பிள்ளையின் பட்டியலில் அது கிடையாதே! வீட்டில் நான், அம்மா, மகள் மூன்று பேர், ஆகவே தண்ணீர், மின்சாரக் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு மட்டும். பற்களுக்குக் கம்பி போடப் பல் மருத்துவர் கொடுத்த விலைப்பட்டியலைத் தனியாக இணைத்தேன்.

என் சம்பளச் சீட்டு, மத்திய சேம நிதி (மசேநி) அறிக்கை, வருமான வரி மதிப்பீடு எல்லாமும் கொடுத்தேன். "உன் சம்பளம் எதற்கு, கட்டுவது அவர்தானே?" என்று அம்மாவுக்குக் கோபம். பிள்ளையைப் பராமரிப்பது இருவர் கடமையும்தான் அம்மா, சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

ஹேவ்லாக் ஸ்குவேரில் இருக்கும் குடும்ப நீதிமன்றத்தில் சமரசப் பேச்சு. நான் எதிர்பார்த்தபடியே கணவர் ஆரம்பித்தார்: "சைல்ட்கேர் இப்போது இல்லையே." சமரச அதிகாரி என் தாளைத் திருப்பிக் காட்டினார். அப்புறம் பேச்சு துணைப்பாடத்துக்குப் போனது. இரண்டு பாடம் தேவையா என்றார் கணவர். மதிப்பெண் சான்றிதழைக் காட்டினேன். அவர் வாடகைக் காரோட்டி. வருமானம் மாதத்துக்கு மாதம் மாறுவதைத் தன் கணக்கில் காட்டினார், அதிலும் நியாயம் இருந்தது. எத்தனையோ பழைய மனத்தாங்கல் நாக்கு நுனிவரை வந்தது. அந்த மேசையில் அதற்கு ஒரு வெள்ளி மதிப்பில்லை, விழுங்கிவிட்டேன்.

நான் கேட்டது 900. முடிந்தது 760, கம்பிச் செலவில் பாதி தனி. இருவரும் ஒத்துக்கொண்டதை நீதிபதி உத்தரவாகப் பதிவு செய்தார். ஒத்துப்போகாவிட்டால் அஃபிடவிட், விசாரணை என்று நீண்டிருக்கும்.

பணம் கட்டும் அப்பாக்களுக்கும் இதே பிரிவுதான். என்னோடு வேலை செய்யும் அக்காவின் தம்பி, வேலை போனதும் தொகையைத் தானாகவே பாதியாக்கிவிட்டார். உத்தரவு அப்படியே இருக்கிறது, மீதிப் பாதி மாதாமாதம் நிலுவையாக ஏறுகிறது. நியாயமான காரணம் கையில் இருக்கும்போது மனுப் போடாமல் ஏன் இப்படி மாட்டிக்கொள்கிறார்களோ!

அடுத்த வாரம் பல் மருத்துவரிடம் போகிறோம். ரசீது கிடைத்த அன்றே கணவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன்.