மாசி வருகிற ஊர்

பாளையங்கோட்டையில் படித்தவனுக்கு ஆங்கிலம் என்றால் கொஞ்சம் மிதப்பு உண்டு. தென்னகத்தின் ஆக்ஸ்போர்டு என்று ஊருக்கே பட்டம் இருக்கிறதே! அந்த ஆங்கிலத்தைச் சொல்லிக்கொடுத்தே உலகம் சுற்றிவிடலாம் என்று கிளம்பினேன். முதல் ஆசை தென்கொரியா. அங்கே ஆங்கிலம் பேசப் பழக்குவதற்கான ஈ-2 விசா பொதுவாக அமெரிக்கா, பிரிட்டன், கனடா என 7 நாட்டுக் குடிமக்களுக்குத்தான் என்பது, காசு கட்டி, ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பதற்கான 120 மணி நேர டெஃபல் சான்றிதழ் வாங்கிய பிறகே தெரிந்தது. சான்றிதழ் பீரோவுக்குள் போனது. கைகொடுத்தது பி.எட். தான். மாலத்தீவில் வேலை. ஏஜெண்டுக்கு அழுத காசை எடுக்கவே சில மாதம் ஆனது, அது வேறு கதை.

"மாசி வார ஊருதானய்யா? அதுக்கு எதுக்கு பிளேனு?" என்றாள் அம்மா. மாசி என்றால் காயவைத்த சூரை மீன். தூத்துக்குடித் தோணிகள் போய்வருகிற இடம் அவளுக்கு வெளிநாடாகவே படவில்லை. ஒரு வகையில் சரிதான். திருவனந்தபுரத்தில் ஏறினால் மாலேவுக்கு ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. அங்கிருந்து என் தீவுக்குத்தான் ஒரு பகல் பிடித்தது. சின்ன விமானம், அப்புறம் படகு.

தீவை ஒரு சுற்றுச் சுற்றி வர 20 நிமிடம். அந்த நாட்டில் சுமார் 1,200 தீவுகள், ஆள் குடியிருப்பவை 200 போல. பக்கத்துத் தீவுக்குப் போக வேண்டுமானாலும் படகும் கடலும் பள்ளி விடுமுறையும் ஒத்துவர வேண்டும். வெள்ளி, சனிதான் விடுமுறை. அதிலும் பாதி, விடைத்தாள் திருத்துவதில் போகும். படங்களில் பார்க்கிற நீர்மேல் குடில்கள் எல்லாம் தனித்தீவுகளில் இருக்கின்றன, வாத்தியார் சம்பளத்துக்கு எட்டாது. கடையில் தூத்துக்குடியிலிருந்து உள்ளி வந்து இறங்குகிற நாள்தான் எங்களுக்குத் திருவிழா. ஊர் சுற்ற வந்தவன் முதல் பருவம் முழுக்க ஒரே கரையில் நின்று ஒரே கடலைப் பார்த்தேன்.

ஆனால் வகுப்புக்குள் அலுப்பே இல்லை. பிள்ளைகள் தங்கள் திவேஹி மொழியை வலமிருந்து இடமாக எழுதுவார்கள். ஆங்கிலப் பாட மணி அடித்ததும் கை இடமிருந்து வலமாகத் திரும்பிக்கொள்ளும். அவர்கள் மொழியில் பழைய 'ப' எல்லாம் 'ஃப' ஆகிவிட்டது. ஐந்துக்கு 'ஃபஸ்', தண்ணீருக்கு 'ஃபென்'. நமக்குத்தான் அந்த எழுத்தோடு ஜென்மப் பகை. முதல் வாரமே நான் "பேன்" போடச் சொல்ல, வகுப்பே சிரித்தது. ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்து, மேல்பல்லைக் கீழுதட்டில் வைத்து ஊதிக் காட்டினாள். அதே பாடத்தை பி.எட்.டில் படித்துப் பரீட்சை எழுதித் தேறியவன் நான்! அன்று இரவு கண்ணாடி முன்னால் நின்று கொஞ்ச நேரம் ஊதிப் பார்த்தேன்.

இரண்டு வருடத்தில் நான் கால் வைத்த தீவுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். கிளம்புகிற அன்று அம்மாவுக்காக ஒரு கிலோ மாசியைக் கட்டி வைத்துவிட்டுக் கடைசி வகுப்புக்குப் போனேன். மணி அடித்தது. அந்தச் சிறுமிதான் கடைசியாக வெளியே போனாள். சுவிட்சில் கையை வைத்து, "பேன் ஆஃப், சார்?" என்று கேட்டாள். முதல் சொல்லில் 'ப', அடுத்த சொல்லில் அழகான 'ஃப'. கிண்டலா, என்னிடமிருந்து ஒட்டிக்கொண்டதா என்று கேட்டிருக்கலாம். அதற்குள் படகுத்துறையிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள்.