குவேட்டோவின் கையிலிருந்து நழுவிய பந்து

பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் என்ற பேஸ்பால் அணியின் ரசிகன் என்று சொன்னால் மற்ற ஊர்க்காரர்கள் முகத்தில் ஒரு பரிதாபம் வரும். நியூயார்க்கிலிருந்து மாற்றலாகி வந்த சக ஊழியர் ஒருவர், அந்த அணியில் அப்படி என்ன இருக்கிறது என்று மதியச் சாப்பாட்டின்போது கேட்டார். நல்ல கேள்வி. சாப்பாட்டு நேரத்தில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

1993 முதல் 2012 வரை, தொடர்ந்து 20 பருவங்கள், பைரேட்ஸ் ஜெயித்த ஆட்டங்களைவிடத் தோற்ற ஆட்டங்கள்தான் அதிகம். பேஸ்பாலில் ஒரு பருவத்துக்கு 162 ஆட்டம். ஏப்ரலிலிருந்து செப்டம்பர் கடைசிவரை கிட்டத்தட்ட தினமும் உண்டு. அமெரிக்காவின் பெரிய தொழில்முறை விளையாட்டுகள் எதிலும் வேறெந்த அணியும் இத்தனை வருடம் விடாமல் தோற்றதில்லை. நான் இந்த ஊருக்குப் படிக்க வந்தது அந்தக் காலத்தின் நடுவில். அதனால் தோற்கிற பைரேட்ஸைத்தான் எனக்கு முதலில் தெரியும்.

எப்படித் தொடங்கியது என்று சொல்லிக்கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். ஸ்டீல் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோடையில் சாயங்காலம் ஆனால் வாசல் திண்ணையில் ரேடியோவை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். 1992 அக்டோபர் 14-ஐப் பற்றி அவர் பேசும்போது நேற்று நடந்தது போலவே பேசுவார்.

அன்று அட்லாண்டா அணியோடு, அவர்கள் ஊரில், ஏழு ஆட்டத் தொடரின் கடைசியான ஏழாவது ஆட்டம். ஜெயித்தால் வேர்ல்ட் சீரிஸ், அதாவது சாம்பியன் பட்டத்துக்கான இறுதித் தொடர். கடைசி இன்னிங்ஸ் தொடங்கும்போது பைரேட்ஸ் 2-0 என்று முன்னிலை. இன்னும் மூன்று பேரை அவுட்டாக்கினால் போதும். அட்லாண்டாவின் முதல் ஆள் டபுள் அடித்தான், அதாவது ஒரே அடியில் இரண்டாவது தளம்வரை போனான். அடுத்து பைரேட்ஸ் ஃபீல்டர் ஹோசே லிண்ட் பக்கம் ஒரு சாதாரண பந்து உருண்டு வந்தது. அந்த வருடம் தன் இடத்தில் சிறந்த ஃபீல்டருக்கான தங்கக் கையுறை விருதை வாங்கியவர் லிண்ட். அவர் கையில் அது நிற்கவில்லை. பிறகு ஒரு ரன், இரண்டு அவுட். அப்போது அட்லாண்டா அனுப்பிய ஆள் பிரான்சிஸ்கோ கப்ரேரா; அந்தப் பருவம் முழுக்க பத்தே முறைதான் பேட் பிடித்து ஆடியவர். அவர் இடது பக்கம் அடித்தார். ஒரு ரன் வந்து சமமானது. இரண்டாவது ரன்னுக்கு ஓடி வந்தவர் சிட் ப்ரீம், முழங்கால் சரியில்லாத மனிதர், இரண்டு வருடம் முன்புவரை பைரேட்ஸில் ஆடியவர். பைரேட்ஸின் பாரி பாண்ட்ஸ் எறிந்த பந்து கேட்சர் (கிரிக்கெட்டின் விக்கெட் கீப்பர் மாதிரி) கையுறைக்கு வந்து சேர்ந்தது. கேட்சர் திரும்பித் தொடுவதற்குள் ப்ரீமின் கால் ஹோம் பிளேட்டை, ஓடி முடிக்க வேண்டிய தட்டை, எட்டிவிட்டது. 3-2. மைதானத்தின் நடுவே பைரேட்ஸின் ஆண்டி வான் ஸ்லைக் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அந்தக் குளிர்காலத்தில் பாண்ட்ஸ் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போனார். பிட்சர் (பந்து வீசுகிறவர்) டக் ட்ராபெக் ஹூஸ்டனுக்குப் போனார். அப்புறம் 20 வருடம்.

அந்த வருடங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் தோல்விக் கணக்கை அடுக்கிவிட்டு நேராக 2013-க்குப் போய்விடுகிறார்கள். எனக்கு நடுவில் இருந்ததுதான் முக்கியம். 2001-ல் அலிகெனி ஆற்றங்கரையில் பி.என்.சி. பார்க் திறந்தார்கள். அமெரிக்காவிலேயே அழகான மைதானங்களில் ஒன்று என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து ஆறு, மஞ்சள் பாலம், அதற்குப் பின்னால் நகரத்துக் கட்டடங்கள் எல்லாம் தெரியும். ஆட்ட நாளில் அந்தப் பாலத்தில் காரை விடமாட்டார்கள். எல்லாரும் நடந்தே வருவார்கள். பாலத்துக்கு பைரேட்ஸின் பழைய வீரர் ராபர்டோ கிளெமெண்டே பெயர். வலது பக்கச் சுவரின் உயரம் 21 அடி, கிளெமெண்டே அணிந்த எண்ணுக்காக. 1972 கடைசி நாளில், நிலநடுக்கத்தில் சிதைந்த நிகராகுவாவுக்கு நிவாரணப் பொருள் கொண்டுபோன விமானம் விழுந்து இறந்தவர் அவர். இவ்வளவு அழகான இடத்தில் முதல் வருடமே அணி 100 ஆட்டம் தோற்றது. 2010-ல் 105.

ஆகஸ்ட் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஆட்டம் ஒன்றை நினைத்துப் பாருங்கள். பாதி நாற்காலி காலி. ஏழாவது இன்னிங்ஸில் ஆறு ரன் பின்னால். எனக்கு முன் வரிசையில் ஒரு அம்மாள் மடியில் ஸ்கோர் புத்தகத்தை விரித்து, ஒவ்வொரு பந்துக்கும் பென்சிலால் குறித்துக்கொண்டிருப்பார். கடைசி அவுட் வரைக்கும் எழுதி முடித்து, பென்சிலைப் பையில் போட்ட பிறகுதான் எழுந்திருப்பார். அவரிடம் போய் விசுவாசத்தைப் பற்றிப் பேசினால் அவருக்குப் புரியுமா என்று தெரியவில்லை. ஆட்டம் இருந்தது, வந்தார். அவ்வளவுதான்.

பென் ஹில்ஸ் வேங்கடேஸ்வரர் கோயிலில் புளியோதரைக்கு நிற்கிற வரிசையிலும் பைரேட்ஸ் தொப்பிகளைப் பார்க்கலாம். இங்கேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள். பள்ளிக்கூடம் முடிக்கிறவரை தங்கள் அணி ஜெயித்த ஒரு பருவத்தைக்கூடப் பார்க்காதவர்கள் அவர்களில் உண்டு.

கோபப்பட்டவர்களையும் சொல்ல வேண்டும். 2007 ஜூன் மாதத்துக் கடைசிச் சனிக்கிழமை, மூன்றாவது இன்னிங்ஸ் முடிந்ததும் ஒரு கூட்டம் எழுந்து வெளியேறியது. அணிக்குச் செலவு செய்யாத உரிமையாளர்களுக்கு எதிரான போராட்டம் அது. நிஜமான ரசிகன் இப்படிச் செய்வானா என்று அப்போது பலர் திட்டினார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. டிக்கெட்டுக்குக் காசு கொடுத்து உள்ளே வந்து, பார்க்க ஆசையாக இருக்கும்போதே எழுந்து போவதற்கு எவ்வளவு பிரியம் இருக்க வேண்டும்! பிரியம் விட்டுப்போனவன் வீட்டில் வேறு சேனல் பார்த்துக்கொண்டிருப்பான். விசுவாசம் என்பது அணிக்கும் ஊருக்கும் உரியது. முதலாளியின் கணக்குப் புத்தகத்துக்கு யாரும் விசுவாசமாக இருக்க வேண்டியதில்லை.

நம்பிக்கை கொடுத்துப் பறித்த வருடங்கள் இன்னும் கொடுமை. 2011 ஜூலையில் சில நாள் பைரேட்ஸ் தங்கள் பிரிவில் முதலிடத்திலேயே இருந்தார்கள். 26-ஆம் தேதி மறுபடியும் அதே அட்லாண்டா. ஆட்டம் 19 இன்னிங்ஸ் போனது. ஆறரை மணி நேரத்துக்கும் மேல். விடியற்காலை இரண்டு மணியை நெருங்கும்போது, ஹோம் பிளேட்டுக்கு ஓடிவந்தவரை கேட்சர் நன்றாக முன்னாலேயே தொட்டுவிட்டார். அம்பயர் ஜெரி மீல்ஸ் இரண்டு கையையும் விரித்து 'சேஃப்' என்றார். 4-3, தோல்வி. தீர்ப்பு தவறாகத் தெரிகிறது என்று லீக்கே பிறகு சொன்னது, ஆனால் ரன் ரன்தான். அதற்குப் பிறகு அணி சரிந்து 72 வெற்றி, 90 தோல்வி என்று முடித்தது. மறுவருடம் ஆகஸ்டில் நல்ல உயரத்துக்கு வந்து, மறுபடியும் சரிந்து, 79-83.

சரி, 2013-க்கு வருகிறேன். செப்டம்பர் 9, டெக்சாஸில் 1-0 என்று ஜெயித்தபோது அது 82-ஆவது வெற்றி. இனி எத்தனை தோற்றாலும் இது வெற்றிப் பருவம்தான். பக்கத்து வீட்டுத் திண்ணையில் அன்று இரவே மண்டையோட்டுக் கொடி ஏறியது. அணி ஜெயிக்கும்போது ரசிகர்கள் ஏற்றுகிற கொடி.

அக்டோபர் 1, சின்சினாட்டியோடு ஒரே ஆட்டம். தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். 21 வருடத்துக்குப் பிறகு ஊரில் நடக்கும் முதல் போஸ்ட்சீசன் ஆட்டம், அதாவது பருவம் முடிந்தபின் பட்டத்துக்காக நடப்பது. 40,487 பேர், பெரும்பாலும் கறுப்புச் சட்டை. எதிரணி பிட்சர் ஜானி குவேட்டோ. இரண்டாவது இன்னிங்ஸில் பைரேட்ஸின் மார்லன் பேர்ட் ஹோம்ரன் அடித்தார், கிரிக்கெட்டின் சிக்ஸர் மாதிரி. கூட்டம் பிட்சரின் பெயரை இழுத்துப் பாடத் தொடங்கியது: "குவே...ட்டோ, குவே...ட்டோ." நாற்பதாயிரம் தொண்டைகள் ஒரே ராகத்தில். பைரேட்ஸின் ரஸ்ஸல் மார்ட்டின் பேட்டோடு நிற்கிறார். குவேட்டோ பந்தைக் கையில் உருட்டிக்கொண்டிருக்கும்போது அது நழுவிக் காலடியில் விழுந்தது. கூட்டம் இன்னும் பலமாகக் கத்தியது. அவர் குனிந்து எடுத்தார். அடுத்த பந்தையே மார்ட்டின் இடது பக்கத்து இருக்கைகளுக்குள் அடித்துவிட்டார்.

பைரேட்ஸ் 6-2 என்று ஜெயித்தார்கள். பேஸ்பாலில் ரசிகர்கள் ஆட்டத்தை மாற்றினார்கள் என்று சொல்வது வழக்கமான பேச்சு, பெரும்பாலும் நான் அதை நம்புவதில்லை. இந்த ஒரு இடத்தில் நம்புகிறேன். வருடா வருடம் ஜெயிக்கிற ஊரில் அந்தச் சத்தம் வந்திருக்காது. ஸ்கோர் புத்தகத்து அம்மாளும், எழுந்து வெளியேறியவர்களும், விடியற்காலை இரண்டு மணிக்கு ரேடியோவை அணைத்தவர்களும் சேர்ந்து போட்ட சத்தம் அது.

பிறகு நடந்தது சுருக்கமாக: அடுத்த சுற்றில் செயின்ட் லூயிஸிடம் தோல்வி. 2014-லும் 2015-லும் அந்த ஒற்றை ஆட்டத்திலேயே தோல்வி. 2018 ஜனவரியில் ஊரின் செல்லப்பிள்ளை ஆண்ட்ரூ மெக்கச்சனை வேறு அணிக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். அந்த மே மாதம் அவர் எதிரணிச் சட்டையில் வந்தபோது மொத்த மைதானமும் எழுந்து நின்று கைதட்டியது. 2023-ல் திரும்பி வந்தார். தன் 2,000-ஆவது ஹிட்டை ஜூன் 11 அன்று இதே மைதானத்தில் அடித்தார்.

நியூயார்க் நண்பருக்கு ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. 1960 வேர்ல்ட் சீரிஸில் உங்கள் ஊர் யாங்கீஸ் மொத்தம் 55 ரன் எடுத்தார்கள், பைரேட்ஸ் 27. ஆனாலும் கோப்பை இங்கேதான் வந்தது. ஏழாவது ஆட்டம், 9-9, கடைசி இன்னிங்ஸ், பில் மாசரோஸ்கி அடித்த ஹோம்ரன். வேர்ல்ட் சீரிஸ் ஏழாவது ஆட்டத்தை ஒரு ஹோம்ரன் முடித்துவைத்தது அந்த ஒரு முறைதான். அந்த ஃபோர்ப்ஸ் ஃபீல்ட் மைதானம் இடிக்கப்பட்டுவிட்டது. ஓக்லேண்ட் பகுதியில், பல்கலைக்கழகக் கட்டடங்களுக்கு நடுவே, அதன் செங்கல் சுவரில் ஒரு துண்டு மட்டும் கொடிக்கம்பத்தோடு நிற்கிறது. 1985-ல் ஒரு ரசிகர் அக்டோபர் 13 அன்று தனியாக அங்கே உட்கார்ந்து அந்த ஆட்டத்தின் ரேடியோ ஒலிநாடாவைப் போட்டுக் கேட்டார். பிறகு ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். தோற்ற 20 வருடத்திலும் அந்தக் கூட்டம் நிற்கவில்லை. அந்த ஒலிநாடாவில், பரபரப்பில் வர்ணனையாளர் பிட்சர் பெயரையே மாற்றிச் சொல்லிவிடுவார். அது வரப்போகிறது என்று எல்லாருக்கும் தெரியும், சேர்ந்தே சொல்கிறவர்களும் உண்டு.

நண்பரே, இந்த அக்டோபர் 13-க்கு நீங்களும் வாருங்கள். டிக்கெட் கிடையாது. ஒலிபரப்பு பகல் ஒரு மணிக்குத் தொடங்கும், மாசரோஸ்கி 3:36-க்கு அடிப்பார். மடக்கு நாற்காலி என்னிடம் இரண்டு இருக்கிறது.