கிராங்க் டேம்பர்: சீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாத சாமான்

பெல்ட் மாற்றலாம் என்று எஞ்சினின் முன்பக்கத்தைக் கழற்றிப் போட்டிருந்தேன். வண்டியில் இருப்பது 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசல் எஞ்சின், ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில். சில வாரமாகவே பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் துள்ளிக்கொண்டிருந்தது, பெல்ட் பழசாகிவிட்டது என்று நினைத்திருந்தேன். டார்ச்சை டேம்பர் மேல் அடித்தபோதுதான் விஷயம் புரிந்தது. பிஸ்டன்கள் சுற்றிவிடும் தண்டுதான் கிராங்க், அதன் முன் நுனியில் அதிர்வை அடக்க மாட்டியிருக்கும் சக்கரம்தான் டேம்பர். நடுவில் இருக்கும் ஹப்பில் ஒரு கோடு, வெளி வளையத்தில் ஒரு கோடு இருக்கும். இரண்டும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். என்னுடையதில் வளையத்துக் கோடு ஒரு விரல் அகலம் தள்ளிப் போயிருந்தது. கையேட்டில் அதற்குக் கொடுத்திருக்கும் எல்லை சுமார் 1.6 மி.மீ. இடையில் இருக்கும் ரப்பர் எப்போதோ பிடியை விட்டுவிட்டது, வளையம் அதன் இஷ்டத்துக்குச் சறுக்கிக்கொண்டு ஓடியிருக்கிறது, நான் பாட்டுக்கு வண்டியை ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

எனக்கு ஒன்றுமே தெரியவில்லை என்பதுதான் இதில் முக்கியம். ஐடிலில் எந்த நடுக்கமும் இல்லை, ஸ்டியரிங்கில் எதுவும் இல்லை. டேம்பர் அடக்குவது கேபினில் நாம் உணரும் ஆட்டத்தை அல்ல. அது எஞ்சின் மொத்தமாக மவுண்டின் மேல் ஆடுவது, வேறு விவகாரம். டேம்பரின் வேலை கிராங்க் முறுக்கிக்கொள்வதோடு. 2000 ஆர்பிஎம்மில் ஆறு சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் நொடிக்கு 100 தடவை வெடிக்கிறது. ஒவ்வொரு வெடிப்பும் கிராங்கைக் கொஞ்சம் முறுக்கிவிடுகிறது, எஃகு திரும்பி விரிகிறது, மறுபடி முறுக்கு. பின்னால் கனமான ஃபிளைவீல் பிடித்துக்கொள்வதால் அதிகம் ஆடுவது முன் நுனிதான், டேம்பர் அங்கே உட்கார்ந்திருப்பதும் அதனால்தான். அளவு ஒரு டிகிரிக்கும் குறைவு. ஆனால் ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் சின்னத் தள்ளலே போதும் இல்லையா, அதே மாதிரி குறிப்பிட்ட சில வேகங்களில் இந்த ஆட்டம் தானாக ஏறிக்கொண்டே போகும். அதைத் தின்று வெப்பமாக்கி வெளியே விடுவதுதான் டேம்பர். அது தின்னவில்லை என்றால் முன் பக்க போல்ட், டைமிங் கியர், கடைசியில் கிராங்கே போய்விடும்.

ஆகவே "மாற்றினேன், வண்டி பாலாக ஓடுகிறது" என்று யாராவது சொன்னால் அதை வைத்து மட்டும் டேம்பர் வாங்காதீர்கள். பழையது நெளிந்தோ பேலன்ஸ் கெட்டோ இருந்திருக்கும், அது போனதில் வித்தியாசம் தெரிந்திருக்கும். இல்லை என்றால் காசு கொடுத்த மனசு சொல்வது. நானும் அப்படிச் சொல்லியிருப்பேன்.

சரி, எதை வாங்குவது? முதலில் ரப்பர் வகை. ஹப், வளையம், நடுவில் ரப்பர், அவ்வளவுதான். இது ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணைச் சுற்றித்தான் நன்றாக வேலை செய்யும், தொழிற்சாலையில் அந்த கிராங்க், அந்தப் பிஸ்டன், அந்த ஃபிளைவீல் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்து ட்யூன் செய்திருப்பார்கள். எஞ்சினில் கை வைக்காதவர்களுக்கு இதைவிட நல்லது கிடையாது என்பது என் எண்ணம். புதிய ஒரிஜினலை வாங்கி மாட்டிவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். நண்பர் ஒருவர் எஞ்சினை வந்தபடியே வைத்திருக்கிறார், அவருக்கு இதைத்தான் சொன்னேன், அவருக்கு ரொம்ப ஏமாற்றம். ரப்பரின் எதிரி வயசும் சூடும். முன் ஆயில் சீல் கசிந்து எண்ணெய் மேலே பட்டுக்கொண்டே இருந்தால் இன்னும் சீக்கிரம் போகும், அதனால் சீல் கசிவை விட்டுவிட்டு டேம்பரை மட்டும் மாற்றுவதில் அர்த்தம் இல்லை.

என் கதை வேறு. பெரிய இன்ஜெக்டர் போட்டாயிற்று, டர்போவில் பூஸ்ட் ஏற்றியாயிற்று, குறைந்த வேகத்திலேயே சிலிண்டரில் அழுத்தம் ஏறுகிறது. வெடிப்பின் வலு கூடினால் கிராங்கின் முறுக்கமும் கூடும். ஃபிளைவீல் எடை மாறினால் அதிர்வெண்ணே இடம் மாறிவிடும், ஒரிஜினல் ரப்பர் எங்கேயோ ஒரு சுருதியைப் பிடித்துக்கொண்டு நிற்கும், கிராங்க் வேறு சுருதியில் பாடும். இந்த இடத்தில்தான் விஸ்கஸ் வகை பொருந்துகிறது. மூடி வெல்டு செய்த ஒரு கூடு, உள்ளே தனியாக ஓர் எஃகு வளையம், இரண்டுக்கும் நடுவே மி.மீட்டரில் சிறு பங்கு இடைவெளி, அதில் தேனைவிடப் பல மடங்கு கெட்டியான சிலிக்கோன் திரவம். கூடு கிராங்கோடு சேர்ந்து நடுங்கும், வளையம் தன் பாட்டுக்கு ஒரே சீராகச் சுற்றப் பார்க்கும், நடுவில் இருக்கும் திரவம் தேய்ந்து சூடாகும். ஒரே அதிர்வெண்ணுக்குக் கட்டுப்பட்டது இல்லை என்பதால் எஞ்சினில் மாற்றம் செய்தவர்கள் இதைத் தேடுகிறார்கள். ஃப்ளூயிடாம்பர் என்ற பிராண்ட் இந்த வகை. ஏடிஐ என்ற இன்னொரு கம்பெனி வேறு வழியில் போகிறது, ரப்பர் ஓ-ரிங்குகளை வைத்து, பிரித்து மறுபடி கட்டும்படி. வண்டிப் பந்தயக்காரர்கள் அதை விரும்புவது புரிகிறது; தினமும் சுமை இழுக்கிற வண்டிக்கு, கழற்றிப் பார்க்கும் வேலையே இல்லாத விஸ்கஸ்தான் எனக்குப் பிடித்தது.

விஸ்கஸ் என்றால் சாகாவரம் பெற்றது என்று நினைக்க வேண்டாம். திரவம் காலப்போக்கில் இறுகும். பெரிய லாரி எஞ்சின்களில் இத்தனை மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்று என்று கையேட்டிலேயே போட்டிருப்பதைப் பார்க்கலாம்.

எடையைப் பற்றி ஒரு வார்த்தை. "இது கனமானது, அதனால் நல்லது" என்று விற்கிறார்கள். வேலை செய்வது உள்ளே இருக்கும் வளையத்தின் நிலைமம் மட்டும்தான். கூடு எவ்வளவு தடியாக இருந்தாலும் அது கிராங்கின் நுனியில் தொங்கும் கூடுதல் பாரம், அவ்வளவே. ஆகவே மொத்த எடையை விட்டுவிட்டு வளையத்தின் எடையைக் கேளுங்கள். இந்த எஞ்சினில் முறுக்கு அதிர்வை அளந்து பார்த்தீர்களா, எந்த ஆர்பிஎம்மில் எத்தனை டிகிரி என்று வரைபடம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். உண்மையாக அளந்தவர்கள் அதைக் காட்டச் சந்தோஷப்படுவார்கள். எஸ்எஃப்ஐ 18.1 முத்திரை இருக்கிறது என்பார்கள். அது ரேஸில் டேம்பர் சிதறிப் பறக்கக்கூடாது என்பதற்கான பாதுகாப்புத் தரம், நல்ல விஷயம்தான், ஆனால் அதிர்வை எவ்வளவு அடக்கும் என்ற கேள்விக்கு அதில் பதில் கிடையாது.

பேலன்சையும் பாருங்கள். வரிசை ஆறு சிலிண்டர் இயல்பிலேயே சமநிலை உள்ளது, டேம்பரில் எதிரெடை தேவைப்படாது. வி8 ஆட்களுக்கு இது தலைவலி. ஜிஎம்மின் வி8 டீசலான டியூராமேக்ஸ் 6.6-இன் ஆரம்ப வருஷ எஞ்சின்கள் வெளியிலிருந்து பேலன்ஸ் செய்தவை, டேம்பரிலேயே எதிரெடை இருக்கும், கிராங்கை மாற்றியிருந்தால் எந்த பேலன்சுக்கு எந்த டேம்பர் என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அப்புறம் கிராங்க் சென்சார். சில எஞ்சின்களில் சென்சார் படிக்கும் பல்சக்கரம் முன்னாலேயே இருக்கும், புது டேம்பரோடு அது வருகிறதா, பழையதைக் கழற்றி மாட்ட வேண்டுமா என்று பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

நான் ஏமாறப் பார்த்த இடம் ஒன்று உண்டு. அவசரத்தில் முதலில் வாங்கியது "கொஞ்சமே ஓடியது" என்று விற்ற ஒரு விஸ்கஸ். அட்டைப்பெட்டியின் ஒரு மூலை நசுங்கியிருந்தது. உள்ளே கூட்டின் ஓரத்தில், பெயின்ட்டுக்கு அடியில், சுண்டுவிரல் நுனி பதிகிற அளவுக்கு ஒரு பள்ளம். விற்றவரிடம் கேட்டால் "வெளியேதானே அடி, உள்ளே ஒன்றும் ஆகாது" என்கிறார். உள்ளே இருக்கும் இடைவெளி எவ்வளவு என்று மேலே சொன்னேனே! கூடு அவ்வளவு உள்ளே போனால் வளையம் முட்டிக்கொண்டு நிற்கும், அதற்குப் பிறகு அது டேம்பர் இல்லை, வெறும் இரும்புக் குண்டு. சந்தேகம் போக நான்கு இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி மைக்ரோமீட்டரால் தடிமன் அளந்தேன். இடத்துக்கு இடம் 0.25 மி.மீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் தூக்கிப் போடு என்பது கணக்கு. பள்ளத்துக்குப் பக்கத்தில் இரண்டு மடங்குக்கு மேல் காட்டியது. திருப்பி அனுப்பிவிட்டேன், பணம் வர ஒரு மாதம் ஆனது. பழைய டேம்பரை, அது எந்த வகையாக இருந்தாலும், இனி வாங்க மாட்டேன்.

புதியது வந்தது. மாட்டுவது அரை நாள் வேலை. சுத்தியலைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளாதீர்கள், கூட்டின் விளிம்பில் கடப்பாரை கொடுத்து நெம்பவும் கூடாது. ஹப்பும் கிராங்க் முகமும் ஒட்டும் இடத்தைத் துணியால் துடைத்தேன், விரலால் தடவிப் பார்த்தால் ஒரு துளி பெயின்ட் திப்பி மாட்டிக்கொண்டிருந்தது. அதை விட்டிருந்தால் டேம்பர் சாய்ந்து உட்கார்ந்திருக்கும். போல்ட்டுகள் புதியவை. ஒரேயடியாக முறுக்காமல் எதிரெதிராக, கையேட்டில் சொன்ன டார்க்கில் (இறுக்கும் விசையின் அளவு), படிப்படியாக. மாட்டியதும் எஞ்சினைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றி, ஃபேன் கவரில் எங்கும் உரசவில்லை என்று பார்த்தேன்.

ஸ்டார்ட் செய்தேன். ஐடில் முன்னே இருந்த மாதிரியேதான் இருந்தது. டென்ஷனர் மட்டும் அசையாமல் நின்றது.