கவுன்சில் வீட்டுப் பூஞ்சணமும் 82ஆம் பிரிவும்

லண்டனில் கவுன்சில் வீட்டில், அதாவது உள்ளூராட்சி வாடகைக்குக் கொடுக்கும் வீட்டில், இருக்கிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். எங்கள் படுக்கையறையில் அலமாரியை நகர்த்தினால் பின்னால் சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம். ரிப்பேருக்குப் போன் எடுத்தால் ஒரு ரெஃபரன்ஸ் நம்பர் தருவார்கள், பிறகு ஒருவர் வந்து ஜன்னலைத் திறந்து வையுங்கள், உடுப்பை உள்ளே காயப்போடாதீர்கள் என்று புத்தி சொல்லிவிட்டுப் போவார். ஜனவரியில் ஜன்னலைத் திறந்து வைத்தால் ஹீட்டிங் பில்லை யார் கட்டுவது?

தனியார் வீடென்றால் கவுன்சிலின் சுற்றாடல் சுகாதாரப் பிரிவு வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் அனுப்பும். கவுன்சிலே வீட்டுக்காரர் என்றால் தனக்குத்தானே அனுப்ப முடியாதே! அங்கேதான் 1990ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், 82ஆம் பிரிவு கைகொடுக்கிறது. குடியிருப்பவரே மஜிஸ்திரேட் கோர்ட்டில் வழக்குப் போடலாம். அதுவும் குற்றவியல் வழக்கு, ஆகவே சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும்.

முதலில் 21 நாள் அவகாசம் கொடுத்து எழுத்தில் அறிவிக்க வேண்டும். எந்த அறை, எந்தச் சுவர், அது உடல்நலத்துக்கு எப்படிக் கேடு என்று எழுதினேன். உடல்நலம்தான் இதில் முக்கியம், வீடு பழசு, வசதியில்லை என்றெல்லாம் எழுதிப் பிரயோசனமில்லை. கழிவறையில் கை கழுவத் தொட்டி இல்லாத ஒரு வழக்கே 2000இல், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபையில் தோற்றிருக்கிறது, எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

கடிதம் போனதும் ஆள் வந்து மருந்தடித்து வெள்ளைப் பெயிண்ட் பூசிவிட்டுப் போனார். கொஞ்ச நாளில் பெயிண்டுக்கு மேலேயே கறுப்புப் புள்ளிகள். அப்புறம்தான் வக்கீலைப் பிடித்தேன். இந்த வழக்குக்கு லீகல் எயிட் (வக்கீல் செலவுக்கு அரசு தரும் உதவி) கிடையாது, வென்றால் மட்டும் கட்டணம் என்ற ஒப்பந்தத்தில் எடுத்தார். அவர் அனுப்பிய சுகாதார நிபுணர் குளியலறை ஃபேனைப் போட்டுவிட்டு ஒரு டிஷ்யூத் துண்டை அதன் வாயில் வைத்தார். ஒட்டவில்லை, கீழே விழுந்தது. ஃபேன் காற்றை இழுக்கவேயில்லை, வெளிச்சுவரில் குளிர் தடுப்பும் இல்லை என்று அறிக்கை கொடுத்தார்.

சம்மன் போன பிறகு, விசாரணைக்கு முன்பே இரண்டையும் சரிசெய்துவிட்டார்கள். அதனால் நட்டஈடு இல்லை, குற்றத்தீர்ப்பு வந்தால்தான் அது. ஆனால் புகார் கொடுத்த அன்று கேடு இருந்தது நிரூபணமானால் செலவைக் கொடுத்தே ஆகவேண்டும் என்று அதே பிரிவு சொல்வதால் வக்கீல் செலவு கவுன்சில் தலையில்.

ரோச்டேலில் பூஞ்சணத்தால் இறந்த குழந்தை அவாப் இஷாக்கின் பெயரில் வந்த சட்டம் 2025 அக்டோபர் 27 முதல் நடைமுறையில் இருக்கிறது. கடுமையான ஈரம், பூஞ்சணம் என்றால் கவுன்சில் 10 வேலை நாளுக்குள் வந்து ஆராய வேண்டும். இனிப் புகார் கொடுப்பவர்கள் முதல் கடிதத்திலேயே அதைக் குறிப்பிடுங்கள்.