குழாயடியில் ஜெயில் பேச்சு

நேற்று ராத்திரி டிவியில் சிறை வாழ்க்கை பற்றி ஒரு ஆவணப்படம். தாராவியில் எங்கள் சாலில் (வரிசை வீடுகள் கொண்ட குடியிருப்பில்) பாதி வீடுகளில் அதுதான் ஓடியது. காலையில் குழாயடியில் ஒரு அண்ணன், "மூணு வேளை சோறு போட்டு எதுக்கு இவனுங்கள வளக்கணும்" என்றார், நாலு பேர் தலையாட்டினார்கள். எனக்கு மனசு ஆறவே இல்லை.

அண்ணே, படத்தில் அந்தச் சிறைக் கூடத்தில் எல்லாரும் ஒருக்களித்துப் படுத்திருந்ததைப் பார்த்தீர்கள்தானே, ஒருவர் புரண்டால் வரிசையே புரள வேண்டியிருந்தது. அவர்கள் எல்லாருமே குற்றவாளிகள் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்குப்படி நாட்டின் கைதிகளில் 75 சதவீதத்துக்கு மேல் விசாரணைக் கைதிகள், அதாவது தீர்ப்பே வராதவர்கள். ஜாமீன் கிடைத்தும் பிணைக்கு ஆளோ பணமோ இல்லாமல் உள்ளேயே கிடப்பவர்களும் உண்டு. நம்ம மும்பை ஆர்தர் ரோடு சிறையில் அதன் கொள்ளளவைப் போலப் பல மடங்கு பேரை அடைத்து வைத்த காலம் உண்டு.

இதெல்லாம் பேசிக்கொண்டிருந்தபோது பக்கத்துச் சந்து அக்கா குடம் நிரம்பி வழிவது தெரியாமல் நின்றார். அவர் தம்பி ஜெயிலில் இருக்கிறான், முதல் வழக்கு. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டப்படி, மரண தண்டனையோ ஆயுளோ இல்லாத வழக்கில் இதற்கு முன் எதிலும் தண்டனை பெறாதவர், அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலத்தை உள்ளே கழித்துவிட்டால் ஜாமீனில் விட வேண்டும், வேறு வழக்கு நிலுவையில் இருக்கக் கூடாது. காவலில் இருப்பவருக்கு இலவச வக்கீலும் உண்டு. அக்காவுக்கு இது எதுவும் தெரியாது. சாயங்காலம் போய் வழக்கு எண்ணை வாங்கி வருகிறேன். விவரம் தெரிந்த வக்கீல்கள் இருந்தால் தயவுசெய்து இன்பாக்ஸ் வாருங்கள்.