நாலாவது மசக்கைக்கு மூன்று சாட்சிகள்

முதல் பிள்ளை வயிற்றில் தங்கியபோது நான் சத்தி எடுத்தால் வீடே எழும்பி நிற்கும். அம்மா முதுகைத் தடவுவா. மாமி தேசிக்காயை வெட்டி மூக்கடியில் பிடிப்பா. இவர் வாளியைப் பிடித்துக்கொண்டு தானும் கண் கலங்குவார். இரண்டாவதுக்கு வாளி மட்டும் வந்தது. மூன்றாவதுக்கு வாளி எங்கே இருக்கிறது என்று சொன்னார்கள். இப்போது நாலாவது. ஓடிப்போய்ப் பார்த்தால் வாளிக்குள் கடைக்குட்டி உட்கார்ந்திருக்கிறான்.

அவனுக்கு ஒன்றரை வயது. நடுவானுக்கு நாலரை, நேர்சரிக்குப் போகிறான். மூத்தவளுக்கு ஒன்பது, தரம் நான்கு. வீட்டு நிர்வாகம் அவளிடம்தான் இருக்கிறது, நாங்கள் இரண்டு பேரும் அவளுக்குக் கீழே வேலை பார்க்கிறோம்.

பிள்ளைகளை வைத்துக்கொண்டு மசக்கைப்படுவதில் சத்திகூடப் பெரிய கஷ்டமில்லை. சத்தி எடுக்க நேரம் கிடைப்பதுதான் கஷ்டம். விடிய எழும்பினால் புட்டு அவிக்க வேண்டும், சம்பல் அரைக்க வேண்டும், ஏழரைக்கு முதல் ஒருத்தியைப் பள்ளிக்கூட வாசலில் விட வேண்டும். நடுவில் வயிறு பிரட்டினால், "கொஞ்சம் பொறு, இந்தப் பின்னலை முடிச்சிட்டு வாறன்" என்று வயிற்றுக்கே சொல்லியிருக்கிறேன். சில நாள் பொறுத்தும் இருக்கிறது. சமத்து வயிறு.

சித்திரை வருசக் கொண்டாட்டம் எல்லாம் அடங்கி, மே மாதத்தில்தான் நாள் தள்ளிப்போனது தெரிந்தது. பரிசோதிக்கும் குச்சி வாங்க இவரை அனுப்பினேன். திருகோணமலை பெரிய பட்டினம் என்று வெளியூர்க்காரர் நினைப்பார்கள். மடத்தடியில் ஒரு சாமான் வாங்கினால் ஆள் வீட்டுக்கு வருவதற்கு முதல் செய்தி வந்துவிடும். அதனால் இவர் தந்திரமாக உப்புவெளிக்குப் போனார். அங்கே வெள்ளைக்காரர் வந்து போகிற இடத்தில் யாருக்கு நம்மைத் தெரியப் போகிறது? பார்மசிக்குள் கவுண்டரில் நின்றவர் இவரோடு படித்தவர். "யாருக்கு மச்சான்?" என்று கேட்டாராம். இவர் யோசித்து, "வீட்டுக்கு" என்று சொன்னாராம். இந்தப் பதிலை இன்றுவரைக்கும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

அடுத்த நாள் விடிய, வீடு நித்திரையில் இருக்கிறது என்ற நம்பிக்கையில் குளியலறைக்குப் போனேன். கதவைச் சாத்தினால் கடைக்குட்டி எழும்பி அழுவான். அதனால் சாத்தவில்லை. குச்சியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது தோளுக்குப் பின்னால் ஒரு குரல்.

"அம்மா, ரெண்டு கோடு!"

மூத்தவள். கொரோனாக் காலத்தில் மூக்குக்குள் குச்சி விட்டுப் பார்த்தது அவளுக்கு நல்ல ஞாபகம். ஒரு கோடு என்றால் ஒன்றுமில்லை, இரண்டு கோடு என்றால் அறைக்குள் அடைபட வேண்டும். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினாள். அலுமாரியைக் குடைந்து பழைய முகக்கவசம் ஒன்றை எடுத்து நடுவானுக்கு மாட்டினாள். அவன் நித்திரையில் இருந்தபடியே மாட்டிக்கொண்டான். அப்புறம் பக்கத்து வளவில் இருக்கிற மாமியிடம் வேலிக்கு மேலால் அறிவித்தாள்.

"அப்பம்மா, கிட்ட வராதீங்க! அம்மாவுக்கு ரெண்டு கோடு வந்திட்டு!"

மாமி கோழிக்கு அரிசி போட்டுக்கொண்டு நின்றா. அரிசியைப் போட்டு முடித்தா. சுளகைத் தட்டினா. பிறகு என்னைப் பார்த்து, "பயப்படாத பிள்ளை. இந்தக் கொரோனா பத்து மாசத்தில சுகமாகும்" என்றா.

சரி, மாமிக்குத் தெரிந்துவிட்டது. வெளியாட்களுக்கு மூன்றாம் மாதம் முடியும்வரை சொல்லுவதில்லை என்று முடிவெடுத்தோம். நம் ஊர் வழக்கமும் அதுதான். கரு கலைவதென்றால் பெரும்பாலும் அந்த முதல் மூன்று மாதத்துக்குள்தான், அதனால் அந்தக் காலத்து ஆட்கள் வாயை மூடச் சொன்னதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் அந்த வழக்கத்தை உண்டாக்கினவர்கள் வீட்டில் நாலரை வயதுப் பெடியன் இருந்திருக்க மாட்டான்.

கச்சான் காற்று அடிக்கத் தொடங்கியிருந்தது. எங்கள் கரையில் அது தரைப்பக்கத்திலிருந்து அனலை அள்ளிக்கொண்டு வரும். கடற்கரை மீன்வாடை அதோடு கடலுக்கே திரும்பிப் போய்விடும் என்பது ஒரு லாபம். நட்டம் என்னவென்றால் மேற்கே இருக்கிற வீட்டார் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கருவாடு பொரிக்கிறார்கள். நேரே எங்கள் குசினி ஜன்னல். நல்ல மனிதர்கள், ஒரு துண்டு அனுப்பியும் வைப்பார்கள். அந்தத் தட்டு படலையில் வரும்போதே நான் கிணற்றடிக்கு ஓடிவிடுவேன். மீன்காரர் வேறு, ஹோர்ன் அடித்து அடித்துப் பார்த்துவிட்டு, "அக்கா இப்ப மரக்கறியோ?" என்று கேட்டார். "விரதம்" என்றேன். "எந்த விரதம்?" என்றார். பின்னேரம் பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் விற்க வருகிற சூன் பாண் ஓட்டோவின் சத்தம் கேட்டாலே எனக்கு வயிறு பிரட்டத் தொடங்கியது. பாண் வாசம்கூட வரத் தேவையில்லை, பாட்டு போதும்.

சத்தி எடுக்கும்போது தனிமை என்று ஒன்று இருந்ததை மறந்தே போனேன். நான் குனிந்தால் நடுவான் பக்கத்தில் குந்திவிடுவான். அவனுக்கு அருவருப்பே கிடையாது, ஆராய்ச்சி மட்டும்தான்.

"புட்டு வந்திட்டு" என்பான். "மாம்பழம் இன்னும் வரேல்ல."

"தள்ளிப் போடா."

"இருங்கம்மா, இப்ப வரும்."

வரும். வந்ததும் கை தட்டுவான். கடைக்குட்டிக்குக் காரணம் தெரியாது, அண்ணன் தட்டுகிறானே என்று அவனும் தட்டுவான். பிறகு என் சத்தத்தை அப்படியே பழகிக்கொண்டு, ஆட்கள் வந்திருக்கும்போதெல்லாம் "உவ்வே" என்று செய்து காட்டத் தொடங்கினான். "யாரைப் பார்த்துப் பழகினவன்?" என்று ஒரு மாமி கேட்டா. "பூனை" என்றேன்.

இவர் தன் பங்குக்கு போனில் படித்துத் தள்ளினார். ஒரு இரவு, "இஞ்ச பாரும், காரணத்தைக் கண்டுபிடிச்சிட்டாங்கள்" என்று வந்தார். 2023 டிசம்பரில் வெளியான ஆராய்ச்சியாம். கேம்பிரிட்ஜ்காரரோடு நம் நாட்டு ஆராய்ச்சியாளரும் சேர்ந்து செய்தது. ஜி.டி.எப்.15 என்று ஒரு ஓமோன். மசக்கையில் அது பெரும்பாலும் பிள்ளைப் பக்கத்திலிருந்துதான் தாயின் இரத்தத்துக்கு வருகிறதாம். அதற்குப் பழக்கமில்லாத உடம்புதான் கூடுதலாகப் பிரட்டுமாம். தலசீமியா மாதிரி நோயால் அந்த ஓமோன் முதலே கூடுதலாக உள்ள பெண்களுக்கு மசக்கை பெரிதாக வருவதில்லை என்றும் கண்டிருக்கிறார்கள்.

"அப்ப பிழை பிள்ளையில" என்றார் தீர்ப்புச் சொல்பவராக.

"பிள்ளையில அரைவாசி உங்கட" என்றேன். போனை மூடிவிட்டுப் படுத்தார்.

நித்திரை இன்னொரு பக்கம். சத்தியைக்கூட சமாளிக்கலாம், இந்த நித்திரையைச் சமாளிக்க முடியாது. முதல் தரம் பகலில் இரண்டு மணித்தியாலம் படுத்தேன், யாரும் கேட்கவில்லை. இப்போது பாயில் சரிந்தால் என் முதுகு கன்னியா வீதியாகிவிடுகிறது, நடுவானின் பஸ்கள் அதில்தான் ஓடும். இடுப்பில் தரிப்பிடம். ஒரு நாள் மூத்தவளுக்குச் சொல்வதெழுதல் சொல்லிக்கொண்டிருந்தேன். கண் விழித்துப் பார்த்தால் கொப்பி முன்னால் இருக்கிறது. "அணில் மரத்தில் ஏறியது. அணில் பழம் தின்றது. அணில் கருவாட்டை மூடுங்கோ." நான் சொன்னதை ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதியிருந்தாள். அடுத்த நாள் ஆசிரியை கீழே சிவப்பு மையில் கேள்விக்குறி போட்டிருந்தார்.

உண்மையைச் சொன்னால் இந்தக் கர்ப்பத்தை முதலில் கண்டுபிடித்தவன் கடைக்குட்டி. குச்சிக்கும் முதலே பால் குடிக்கும்போது விட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். திரும்பக் குடித்தான், திரும்பப் பார்த்தான். சாப்பாட்டுக் கடையில் கறி மாறிப்போனால் முதலாளியைப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. கர்ப்பம் தங்கினால் பால் குறையலாம், ருசியும் மாறலாம் என்று பிறகு மிட்வைஃப் மிஸ் சொன்னபோதுதான் எனக்கு விளங்கியது. "வயித்தில பிள்ளையை வைச்சுக்கொண்டு பால் குடுத்தா இவனுக்கு வயித்தாலை போகும்" என்று மாமி ஒரே பிடி. வேறு சிக்கல் இல்லாத தாய் தொடர்ந்து கொடுக்கலாம், நன்றாகச் சாப்பிட்டால் சரி என்று மிஸ் ஒரே பிடி. இரண்டு பேருக்கும் நடுவில் கடைக்குட்டி தன்பாட்டில் குடித்துக்கொண்டிருந்தான்.

மிட்வைஃப் மிஸ்ஸின் ஸ்கூட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது யார் வாசலில் நிற்கிறது என்று எங்கள் ஒழுங்கை முழுக்கக் கணக்கு வைத்திருக்கும். எட்டுக் கிழமைக்குள் பதிந்துவிட வேண்டும் என்பதால் ஒளிக்க வழியில்லை. ஆனால் எனக்கு ஒரு வசதி இருந்தது. கடைக்குட்டிக்கு நிறை பார்க்க அவர் வருவது வழமைதானே. அந்தச் சாட்டில் வரச் சொன்னேன். வந்தார், பதிவேட்டைத் திறந்தார். என்னைப் பார்த்தார். கடைக்குட்டியைப் பார்த்தார். பேனை மூடியைக் கழற்றினார், மூடினார், திரும்பக் கழற்றினார். அதைவிட இரண்டு வார்த்தை ஏசியிருக்கலாம்.

ஃபோலிக் அமிலக் குளிசை தந்தார். பிள்ளையின் மூளையும் முள்ளந்தண்டும் உருவாகிற குழாய், கரு தங்கி நாலு கிழமைக்குள்ளேயே மூடிவிடுமாம். அதனால் இதைக் கர்ப்பத்துக்கு முதலே தொடங்கியிருக்க வேண்டும் என்றார். விடிய எழும்ப முதல் காய்ந்த பிஸ்கட் ஒன்று, பிறகு கொஞ்சம் கொஞ்சமாய் அடிக்கடி சாப்பாடு. தண்ணீர்கூட வயிற்றில் தங்காமல், சலம் குறைந்து கடும் நிறமாய்ப் போனால் மட்டும் வீட்டில் இருக்க வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிக்கு வா என்றார். தலையணைக்குக் கீழே வைத்த கிறீம் கிறேக்கரை நான் சாப்பிட்ட நாள் குறைவு. விடிய நாலு மணிக்கே அதை எலி மாதிரி ஒருவன் கொறித்து முடித்துவிடுவான்.

பிறகு தராசு. கடைக்குட்டிக்குப் பார்த்த கையோடு என்னையும் ஏறச் சொன்னார். நான் ஏறினேன். நடுவான் குனிந்து முள்ளைப் பார்த்தான். அவன் நேர்சரியில் நூறுவரை எண்ணப் பழகியிருந்த நேரம். வேலிக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி, "அம்மா அறுபத்தேழு!" என்று கத்தினான்.

வேலிக்கு மேலால் ஒரு தலை தெரிந்தது. "இப்ப தாய்மாருக்கும் நிறை பார்க்கிறாங்களோ?"

"ஓம் அக்கா, புதுத் திட்டம்" என்றார் மிஸ், நிமிராமலே. அன்றிலிருந்து அவர் மேல் எனக்குத் தனி மரியாதை.

மாமிக்கு நேர்த்தி. ஒரு ஞாயிறு எல்லாரும் கோணேசர் கோயிலுக்குப் போனோம். கோட்டை வாசல் கடந்து ஏறும்போதே வெயில். வழியில் மான்களைக் கண்டதும் பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். மாமி அருச்சனைக்குக் கொண்டுவந்த கதலியில் பாதி மான் வயிற்றுக்குப் போனது. மேலே மலை விளிம்பில், பிள்ளை வரம் கேட்டுச் சின்னத் தொட்டில்கள் கட்டுகிற மரம் இருக்கிறது. எத்தனையோ பேர் கண்ணீரோடு கட்டிவிட்டுப் போன தொட்டில்கள். அந்த இடத்தில் நான் எப்போதும் பகிடி பேசுவதில்லை. அன்றைக்கும் கும்பிட்டுவிட்டு ஒதுங்கித்தான் நின்றேன். ஆனால் நடுவான் ஒரு தொட்டிலை எட்டி ஆட்டப் போனான். கையில் கடைக்குட்டியுடன் இவர் பாய்ந்தார். "தொடாத! தொடாத! எங்களுக்குக் காணும்!"

பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தெற்கிலிருந்து யாத்திரை வந்த ஒரு அம்மா மூன்று பிள்ளைகளையும் பார்த்து, தூணைப் பிடித்துக்கொண்டு ஓங்காளிக்கிற என்னையும் பார்த்து, நான்கு விரலைக் காட்டிச் சிரித்தா. பாஷை தேவைப்படவில்லை.

அதன் பிறகும் ஊருக்குத் தெரியாது என்றுதான் நம்பிக்கொண்டிருந்தோம். போன கிழமை நடுவானைக் கூட்டிவரப் போனால் நேர்சரி வாசலில் தாய்மார் நாலைந்து பேர் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். தங்கச்சிப் பாப்பா வரப் போகிறது, பிறந்து முப்பத்தோராம் நாள் கொண்டாட்டத்துக்கு எல்லாரும் வீட்டுக்கு வர வேண்டும், ஐஸ்கிறீமும் கேக்கும் இருக்கிறது என்று வகுப்பு முழுக்க அழைப்புக் கொடுத்திருக்கிறான். மிட்வைஃப் மிஸ் பிள்ளைப்பேற்றுக்குக் குறித்துத் தந்த திகதி தைப் பொங்கலை ஒட்டி வருகிறது. அதையும் எங்கேயோ காதில் வாங்கி, பட்டாசும் உண்டு என்று சேர்த்துச் சொல்லியிருக்கிறான். ஒரு தாய் கேட்டா, "கேக் எந்தக் கடையில சொல்லியிருக்கிறீங்க? என்ர மகள் பட்டர் கேக் மட்டும்தான் சாப்பிடுவாள்."